வாடகைக்கு விட முதல் வீடு வாங்கப் போறீங்களா, கணக்குல இருந்து ஆரம்பிங்க

என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "கையில கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், மீதிக்கு லோன் போட்டு ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டா வாடகையே இஎம்ஐய கட்டிடும்ல, வீடு சும்மா வந்த மாதிரி தானே?" நானும் அப்படி நினைச்சு தான் முதல் வீட்ட வாங்கினேன். இப்போ மூணு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன், எல்லாமே சின்ன வீடு தான், வேலைக்குப் போய்க்கிட்டே பாத்துக்குறேன். இத்தனை வருஷத்துல எனக்கு நல்லா பிடிபட்டது என்னன்னா, வர்ற வாடகையில முதல் பங்கு வீட்டுக்கு, அடுத்த பங்கு பேங்குக்கு, அதுக்கப்புறம் மிஞ்சுறது தான் நமக்கு. இந்த வரிசைய மாத்தி வச்சுக்கிட்டவங்க ரெண்டு மூணு வருஷத்துல வெறுத்துப்போய் வித்துட்டுப் போறத கண்ணால பாத்திருக்கேன். அதனால இந்த வரிசைய மனசுல வச்சுக்கிட்டே மேல படிங்க.

கணக்கு

பேப்பர் பேனா எடுத்துக்குங்க. எந்த நாட்டுக் காசா இருந்தாலும் பரவால்ல, எண்ண மட்டும் பாருங்க. வீட்டு விலை 10,00,000. மாச வாடகை 7,000. அப்போ வருஷத்துக்கு 84,000, அதாவது விலையில 8.4 சதவீதம். பேங்க் 7 சதவீத வட்டிக்கு 20 வருஷ லோன் தருது, நீங்க 2,50,000 கையிலருந்து போட்டு 7,50,000 கடன் வாங்குறீங்க. இஎம்ஐ சுமாரா 5,815 வரும். வாடகை 7,000, இஎம்ஐ 5,815, மாசம் 1,185 கையில நிக்குதுன்னு தோணும். பெரும்பாலான ஆளுங்க இதோட பேனாவ மூடி வச்சுட்டு டோக்கன் அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பிடுறாங்க.

இப்போ வீட்டோட பங்க எடுத்து வைங்க. வருஷத்துல ஒரு மாசம் வீடு காலியா இருக்கும்னு வச்சுக்குங்க, ஒருத்தர் காலி பண்ணி, பெயின்ட் அடிச்சு, அடுத்தவர் வர்றதுக்குள்ள அந்த ஒரு மாசம் போயிடும். எல்லா வருஷமும் ஆகாது, ஆனா ஒரு வருஷம் ஆகாததும் அடுத்த வருஷம் ரெண்டு மாசம் ஆகுறதும் சேர்ந்து கணக்கு அங்க தான் வந்து நிக்கும். 84,000ல 7,000 போச்சு, 77,000. சொத்து வரி, இன்சூரன்ஸ், குடியிருப்போட மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு 14,000. ரிப்பேருக்கு வீட்டு விலையில 1 சதவீதம், 10,000. இது பரவலா எல்லாரும் வச்சுக்குற தோராயக் கணக்கு, பழைய வீடுன்னா இன்னும் கூட வைங்க. அதுக்கு மேல ஹீட்டர், மோட்டார் மாத்துறது மாதிரி பெரிய செலவுக்குன்னு ஒரு 6,000 தனியா. ஆக மொத்தம் 30,000. மிஞ்சுறது 47,000, மாசத்துக்கு 3,917. இஎம்ஐ 5,815. மாசாமாசம் 1,898 உங்க சம்பளத்துலருந்து எடுத்துப் போடணும். 1,185 வரும்னு நினைச்ச இடத்துல 1,898 போகுது, அதே வீடு, அதே வாடகை, அதே லோன் தான்.

அந்த 47,000ஐ விலையால வகுத்தா 4.7 சதவீதம். இந்த நம்பர் தான் வீட்டோட உண்மையான சம்பாத்தியம். விளம்பரத்துலயும் புரோக்கர் வாயிலயும் வர்ற 8.4 வேற, இது வேற. கடன் வட்டி 7, வீடு சம்பாதிக்கிறது 4.7, அப்போ கடன் கூடக் கூட உங்க கைக்காசு கூடத் தான் போகும். இதே வீட்டுக்கு பாதிக்குப் பாதி, 5,00,000 கையிலருந்து போட்டு 5,00,000 கடன் வாங்கினா இஎம்ஐ 3,876. வருஷத்துக்கு 46,518. வீடு தர்றது 47,000. அப்போ தான் தலைக்குத் தலை சரியா வருது. அந்த 5,00,000 லோனுக்கே நடுவுல வட்டி 7லருந்து 8 ஆச்சுன்னா இஎம்ஐ 4,182க்குப் போயிடும், மறுபடி கையிலருந்து போடணும். அதனால மாறுற வட்டியில லோன் எடுக்குறவங்க ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம் ஏத்தி வச்சு கணக்கு போட்டுப் பாத்துட்டு தான் கையெழுத்து போடணும்.

கையிலருந்து போட்டாலும் கடன் அசல் குறையுதேன்னு சிலர் சொல்வாங்க. உண்மை தான். 7,50,000 கடன்ல முதல் மாசம் கட்டுற 5,815ல வட்டி 4,375, அசலுக்குப் போறது 1,440 தான். முதல் வருஷம் முழுக்கக் கட்டினது கிட்டத்தட்ட 69,800, அசல் குறைஞ்சது சுமார் 17,800. அது உங்க சொத்தா தான் சேருது, ஆனா மோட்டார் ரிப்பேர் ஆன அன்னைக்கு அத எடுத்து செலவு பண்ண முடியாது. விலை ஏறும்னு நம்பி மாச நஷ்டத்த தாங்குறவங்களும் இருக்காங்க, தெரிஞ்சே செய்றாங்கன்னா அது அவங்க முடிவு, தெரியாம மாட்டிக்கிறது தான் கஷ்டமா இருக்கு பாக்க.

இன்னொன்னு, 10,00,000ங்குறது வீட்டு விலை மட்டும் தான். பத்திரச் செலவு, வக்கீல் ஃபீஸ், லோன் பிராசஸிங், புரோக்கர் கமிஷன், உள்ள போறதுக்கு முன்னாடி பண்ற வேலை இதெல்லாம் அதுக்கு மேல வரும். இத எல்லாம் கூட்டி வர்ற தொகையால வகுத்துப் பாருங்க, 4.7 இன்னும் கீழ இறங்கும். இது ஒவ்வொரு ஊருக்கும் ரொம்ப மாறும்ங்குறதால நீங்க வாங்கப் போற இடத்துல விசாரிச்சு எழுதுங்க.

கடைசியா, இதெல்லாம் கட்டி முடிச்ச பிறகும் ஆறு மாச இஎம்ஐயும் ஆறு மாச வீட்டுச் செலவும் பேங்க்ல தனியா கிடக்கணும். கிடக்கலன்னா இன்னும் கொஞ்ச நாள் சேருங்க, வீடு எங்கயும் ஓடிடாது. என் முதல் வீட்ல இந்தப் பணம் என்கிட்ட இல்ல, என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன்.

எந்த வீடு

முதல் வீடு நீங்க இருக்குற இடத்துலருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போய் வர்ற தூரத்துல இருக்கட்டும். ராத்திரி குழாய் உடைஞ்சா யார் போய்ப் பாப்பாங்குற கேள்விக்கு முதல் வீட்ல பதில் நீங்க தான். சின்னதா, சாதாரணமா, நிறைய பேருக்குப் பொருந்துற மாதிரி இருக்கணும். நாம குடியிருக்க ஆசைப்படுற வீடு வேற, வாடகைக்கு சீக்கிரம் போற வீடு வேற. பெரிய வீட்டுக்கு வர்ற ஆள் கம்மி, காலியா இருக்குற நாள் ஜாஸ்தி, பெயின்ட் அடிக்க சுவரும் ஜாஸ்தி.

வாடகை எவ்ளோ போகும்னு புரோக்கர மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. நான் செய்ற முறை இது: அந்த ஏரியாவுல அதே சைஸ்ல வாடகைக்குன்னு விளம்பரம் வந்த வீடு ஒரு பதினஞ்ச நோட்டுல எழுதி வைப்பேன், கேக்குற வாடகை, எத்தனையாவது மாடி, என்ன வசதின்னு. ரெண்டு வாரம் கழிச்சு பாப்பேன், அப்புறம் நாலு வாரம் கழிச்சு பாப்பேன். எது போச்சு, எது அப்படியே நிக்குது, எது வாடகைய குறைச்சிருக்கு. சட்டுன்னு போன வீடுங்களோட வாடகை தான் அந்த ஏரியாவோட உண்மையான வாடகை, நாலு வாரமா நிக்குறது அந்த ஓனரோட ஆசை. கணக்குல போட வேண்டியது முதல்ல சொன்னது.

இன்னொரு வழி இருக்கு, பணம் கம்மியா இருக்குறவங்களுக்கு நான் இத தான் முதல்ல சொல்வேன். ரெண்டு போர்ஷன் இருக்குற வீடா வாங்கி ஒண்ணுல நீங்க குடியிருந்துக்கிட்டு இன்னொண்ண வாடகைக்கு விடுறது. நீங்க வெளிய குடுத்துட்டு இருந்த வாடகை மிச்சமாகுது, ஓனர் குடியிருக்குற வீட்டுக்கு லோன் பல இடத்துல கொஞ்சம் சுலபமான கண்டிஷன்ல கிடைக்கும், வீட்டுக்காரரா இருக்குறதுன்னா என்னன்னு பக்கத்துலயே இருந்து கத்துக்கலாம். பக்கத்துலயே குடித்தனக்காரர் இருக்குறது எல்லாருக்கும் ஒத்து வராது, அதையும் யோசிச்சுக்குங்க.

வீட்டப் பாக்கப் போறப்ப

இங்க கொஞ்சம் நிதானமா எழுதணும், ஏன்னா நான் பணம் விட்டது இங்க தான். முதல் வீட்ட பாக்கப் போனப்ப வெளிச்சமா இருந்துச்சு, தரை பளபளன்னு இருந்துச்சு, எனக்குப் பிடிச்சுப் போச்சு. படுக்கை ரூம் சீலிங்ல ஒரு மூலையில மட்டும், ஒரு பாய் விரிக்குற அகலத்துக்கு, பெயின்ட் மத்த இடத்த விட வெள்ளையா இருந்துச்சு. பாத்தேன், ஆனா கேக்கல. குடித்தனக்காரர் வந்து அஞ்சாவது வாரம் போன் பண்ணாரு, அந்த மூலையில மஞ்சளா ஒரு வட்டம் வருது சார், தொட்டா நெசநெசங்குதுன்னு. மேல் வீட்டு பாத்ரூம் தரையில வாட்டர்ப்ரூஃபிங் போயிருந்துச்சு. அங்க ஒருத்தர் குளிச்சா இங்க ஒரு ரூமே வீணாகுது. மேல் வீட்டுக்காரர் வேலைக்கு ஒத்துக்க ஒரு மாசம், தரைய உடைச்சு போட்டு காய வைக்க இன்னொரு மாசம், அந்த ரெண்டு மாசமும் குடித்தனக்காரர்கிட்ட பாதி வாடகை தான் வாங்கினேன், அது தான் நியாயம், பாதி வீட்ட தானே அவங்க புழங்க முடிஞ்சுது. ரிசர்வ் பணம் இல்லாததால கிரெடிட் கார்டுல தேய்ச்சு சமாளிச்சேன், அந்த வட்டிய கட்டி முடிக்க எட்டு மாசம் ஆச்சு.

அதுலருந்து எந்த வீட்டப் பாக்கப் போனாலும் பாக்கெட்ல டிஷ்யூ பேப்பர் இருக்கும். சிங்க் அடியில கதவத் திறந்து, குழாய ஒரு நிமிஷம் ஓடவிட்டு, பைப் ஜாயின்ட சுத்தி காஞ்ச டிஷ்யூவால அழுத்தித் துடைங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவு கூட பேப்பர்ல புள்ளியா வந்துடும். டாய்லெட் டேங்க்ல கொஞ்சம் கலர் தண்ணி ஊத்திட்டு ஃப்ளஷ் பண்ணாம கால் மணி நேரம் விடுங்க, கீழ பேசின்ல கலர் வந்தா வால்வு ஒழுகுது. வாட்டர் மீட்டர் இருந்தா எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டரப் பாருங்க, ஓடுச்சுன்னா எங்கயோ தண்ணி போகுது. ரெண்டு மூணு குழாய ஒண்ணா திறந்து வச்சு ஷவர்ல தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க. பாத்ரூம் தரையில ஒரு குவளை தண்ணிய ஊத்துங்க, வடிகால் பக்கம் ஓடுதா இல்ல கதவு பக்கம் வருதான்னு தெரிஞ்சுடும்.

சுவர் விரிசலப் பாத்து பயந்துடக் கூடாது, மயிரிழை மாதிரி இருக்குறது பூச்சு காய்ஞ்சதால வர்றது, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஜன்னல் மூலையிலருந்து சாய்வா கிளம்பி அகலமாகிட்டே போறது, செங்கல் வரிசையில படிக்கட்டு மாதிரி இறங்குறது, கதவு நிலையில இடிக்குறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம், இன்ஜினியரக் கூட்டிட்டு வராம அடுத்த பேச்சே வேண்டாம். கரன்ட் போர்டுல எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கான்னு பாருங்க, மனுஷ உயிரக் காக்கறதுக்கு போடுறது 30 மில்லி ஆம்பியர் ரேட்டிங், அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், அழுத்தினா டப்புன்னு விழணும். விழலன்னா மாத்தணும், அந்தச் செலவையும் விலை பேசுறப்ப சேத்துக்கணும். வீட்ட மூணு தடவை பாருங்க, பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நல்ல மழை பெஞ்ச மறுநாள் ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட தண்ணி எப்படி, சத்தம் எப்படின்னு நாலு வார்த்தை பேசுங்க, புரோக்கர் சொல்லாதத அவங்க சொல்வாங்க. எங்கயாவது ஒரு திட்டு மட்டும் புது பெயின்ட் இருந்தா ஏன்னு வாயத் திறந்து கேளுங்க.

பத்திரத்த வக்கீல் பாக்கணும், அதுவும் விக்கிறவரோ புரோக்கரோ கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டாம், நீங்களா பணம் குடுத்து வச்ச வக்கீல். சொத்து யார் யார் கை மாறி வந்துச்சு, மேல கடன் அடமானம் இருக்கா, கேஸ் இருக்கா, வரி பாக்கி இருக்கா, கட்டினது அனுமதி வாங்கின பிளான்படி தானா. இதுல சந்தேகம் வந்தா கணக்கு எவ்ளோ நல்லா இருந்தாலும் விட்டுடுங்க.

குடித்தனக்காரர் வர்றதுக்கு முன்னாடி

முதல்ல உங்க ஊரு வாடகைச் சட்டத்த ஒரு தடவையாவது முழுசாப் படிங்க. நாட்டுக்கு நாடு, சில இடத்துல ஊருக்கு ஊரு மாறும். டெபாசிட் அதிகபட்சம் எவ்ளோ வாங்கலாம், அத எங்க வைக்கணும், எத்தனை நாள்ல திருப்பிக் குடுக்கணும், வாடகைய எப்போ எவ்ளோ ஏத்தலாம், காலி பண்ணச் சொல்ல எத்தனை நாள் நோட்டீஸ், உள்ள போய்ப் பாக்கணும்னா எப்படி சொல்லணும். வாடகை தரலன்னா பூட்ட மாத்துறது, கரன்ட் தண்ணிய நிறுத்துறது மாதிரி வேலையெல்லாம் பல நாட்டுல சட்டப்படி குற்றம், கோர்ட் வழியா தான் போக முடியும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். ஆள் தேர்வு பண்றதுல நேரம் செலவு பண்ணுங்கன்னு நான் திருப்பித் திருப்பி சொல்றது இதனால தான்.

இன்சூரன்ஸும் பாருங்க. நீங்க குடியிருக்குற வீட்டுக்கு எடுக்குற பாலிசி வேற, வாடகைக்கு விடுற வீட்டுக்கு வேற. வாடகைக்கு விட்டத சொல்லாம விட்டா கிளைம் பண்றப்ப தள்ளிட வாய்ப்பு இருக்கு. வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியா கிடந்தா கவரேஜ் குறையுற மாதிரியும் பல பாலிசில எழுதியிருக்கும், காலி மாசத்துல தான் பைப் உடையும், படிச்சு வச்சுக்குங்க.

ஆள் தேர்வுக்கு நான் முன்கூட்டியே ஒரு பேப்பர்ல கண்டிஷன எழுதி வச்சுடுவேன், வர்ற எல்லாருக்கும் அதே கண்டிஷன் தான். வருமானம் வாடகையப் போல மூணு மடங்காவது இருக்கணும், அதாவது சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வாடகைக்குப் போகக் கூடாது, அதுக்கு மேல போனா ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா அந்த மாசம் வாடகை நிக்கும். சம்பள ஸ்லிப், அடையாள ஆவணம், வேலை பாக்குற இடத்துல ஒரு உறுதி. அப்புறம் பழைய வீட்டுக்காரர்கிட்ட ஒரு போன். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இப்போ இருக்குற வீட்டுக்காரர் ஆள் கிளம்பினா போதும்னு நல்லாவே சொல்லிடலாம், அதுக்கு முந்தின வீட்டுக்காரருக்கு அந்த அவசியம் இல்ல, அவர்கிட்ட கேளுங்க. "மறுபடி இவங்களுக்கு வீடு குடுப்பீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும், பதிலுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் யோசிக்கிறாருங்குறதும் பதில் தான்.

என்ன ஜாதி, என்ன மதம், எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, சமையல்ல என்ன செய்வாங்கன்னு கேட்டு ஆள் கழிக்கிறது தப்பு. பல நாட்டுல சட்டப்படியே தப்பு. வாடகை ஒழுங்கா வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, என்கிட்ட எட்டு வருஷமா இருக்குற குடும்பத்த வேற நாலு பேர் இப்படித் தான் திருப்பி அனுப்பியிருந்தாங்க.

வீடு காலியா இருக்கேன்னு அவசரப்பட்டு கண்டிஷன தளர்த்தாதீங்க. இன்னொரு மாசம் காலியா இருந்தா நஷ்டம் 7,000, அது எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியும். தப்பான ஆள் உள்ள வந்துட்டா நஷ்டம் எங்க நிக்கும்னு தெரியாது.

அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், சொந்தக்காரரா இருந்தாலும், சொந்தக்காரர்னா கண்டிப்பா. வாடகை எந்தத் தேதி, எப்படிக் கட்டணும், லேட்டானா என்ன, எந்த ரிப்பேர் யாரோடது, எத்தனை பேர் குடியிருப்பாங்க, காலி பண்ண எவ்ளோ நாள் முன்னாடி சொல்லணும். நெட்ல கிடைக்கிற மாதிரி அக்ரிமென்ட எடுத்துப் பேர மட்டும் மாத்தாம உங்க ஊரு சட்டத்துக்கு ஒத்து வருதான்னு வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அதையே அப்புறம் எல்லா வீட்டுக்கும் வச்சுக்கலாம்.

சாவி குடுக்குற நாள்

அன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. வீடு காலியா இருக்கணும், அவங்க சாமான் இறங்குறதுக்கு முன்னாடி. ரெண்டு பேரும் சேர்ந்தே வாசல்லருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா போங்க. நாலு சுவர், தரை, சீலிங், ஜன்னல் கண்ணாடி எல்லாத்தையும் போட்டோ எடுங்க, கீறல் இருந்தா பக்கத்துல வச்சு எடுங்க. போன வருஷம் ஒரு வீட்ல இப்படி நடந்துட்டு வர்றப்ப சமையல்கட்டு அலமாரி கதவோட கீழ் கீல் ஸ்க்ரூ ஒண்ணு லூசா ஆடிட்டு இருந்துச்சு, வந்த அம்மா தான் விரல வச்சுக் காட்டினாங்க. அங்கயே ஸ்க்ரூடிரைவர் எடுத்து முறுக்கினேன், மரம் தின்னு போயிருந்ததால பிடிக்கல, தீக்குச்சி ஒண்ண உடைச்சு ஓட்டையில பசையோட சொருகி மறுபடி முறுக்கினதும் நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா இந்த ஆள் சொன்னா செய்வார்னு அவங்களுக்கு அன்னைக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு, அதுக்கப்புறம் சின்ன கசிவு இருந்தாலும் உடனே போன் பண்ணிடுறாங்க, பெருசாக விடுறதில்ல. எனக்கு அதுல மிச்சமாகுற காசுக்கு கணக்கே இல்ல.

மீட்டர் ரீடிங், சாவி எத்தனை, ஃபேன் லைட் எத்தனை எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, போட்டோவ அன்னைக்கே ரெண்டு பேரும் மெசேஜ்ல அனுப்பிக்குங்க, தேதியோட பதிவா நிக்கும். தண்ணி மெயின் வால்வு எங்க இருக்கு, கரன்ட் மெயின் எங்க, கேஸ் எங்க மூடுறதுன்னு கையோட காட்டிடுங்க. புகை அலாரம் வேலை செய்யுதான்னு அழுத்திக் காட்டுங்க.

மாசாமாசம்

வாடகைக்குத் தனி பேங்க் அக்கவுன்ட். டெபாசிட் அதுலயும் கலக்காம இன்னொரு அக்கவுன்ட்ல, அது அவங்க பணம், நாம வச்சிருக்கோம் அவ்ளோ தான். வாடகை வந்த அன்னைக்கே வீட்டோட பங்க ரிசர்வ்க்கு மாத்திடுங்க, கடைசில மிஞ்சினா போடலாம்னு விட்டா மிஞ்சவே மிஞ்சாது. பெரிய செலவுக்கு எவ்ளோ எடுத்து வைக்கணும்னு கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு: மாத்த வேண்டி வர்ற சாமான ஒவ்வொண்ணா எழுதுங்க, விலைய ஆயுசால வகுங்க. டேங்க் வச்ச வாட்டர் ஹீட்டர்னா 8லருந்து 12 வருஷம், ஏசின்னா 10லருந்து 15. புதுசு 12,000 ஆகுற ஹீட்டர் 10 வருஷம் வரும்னா மாசம் 100 அதுக்கு. மோட்டார், பெயின்ட், மேற்கூரை எல்லாத்துக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினா உங்க வீட்டோட நம்பர் வந்துடும், என் உதாரணத்துல வருஷத்துக்குன்னு வச்ச 6,000ஐ விட அது தான் உங்களுக்குச் சரி.

ரிப்பேர்னு போன் வந்தா அன்னைக்கே பதில் சொல்லுங்க. ஆள் நாளைக்கு தான் வருவார்னாலும் நாளைக்கு வருவார்னு இன்னைக்கே சொல்லிடணும். தண்ணி ஒழுகுறது, கரன்ட், கேஸ் வாசனை, பூட்டு இந்த நாலும் உடனே, மத்தது வாரத்துக்குள்ள. நல்ல பிளம்பர், எலெக்ட்ரீஷியன் கிடைச்சா வேலை முடிஞ்ச கையோட காசக் குடுத்துடுங்க, ரெண்டு தடவை இழுத்தடிச்சா மூணாவது தடவை போன எடுக்க மாட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போறதா இருந்தா ஒரு நாளாவது முன்னாடி சொல்லிட்டுப் போங்க, பத்திரம் உங்க பேர்ல இருந்தாலும் குடியிருக்குற வரைக்கும் அது அவங்க வீடு. பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து மாசவாரியா போல்டர்ல போடுங்க, வரி கட்டுறப்ப எதெல்லாம் கழிக்கலாம்னு ஆடிட்டர் கேக்குறப்ப தேடிட்டு இருக்க வேண்டாம்.

வாடகை ஒரு மாசம் லேட்டானா அஞ்சு நாள்ல கேட்டுடுங்க, மரியாதையா, எழுத்துல. வேலை போயிடுச்சு, உடம்பு சரியில்லன்னா எப்போ எவ்ளோ தர முடியும்னு பேசி அதையும் எழுத்துல வச்சுக்குங்க. மூணு மாசம் விட்டுட்டு நாலாவது மாசம் கோவமா போய் நிக்குறதுல ரெண்டு பேருக்கும் வழி இல்லாமப் போயிடும்.

வாடகை ஏத்துற விஷயத்துல இந்தக் கணக்க போட்டுப் பாருங்க. 7,000க்கு 5 சதவீதம் ஏத்தினா மாசம் 350 கூட. அதனால அவங்க கிளம்பி வீடு ஒரு மாசம் காலியா இருந்தா போறது 7,000. அந்த ஒரு மாசத்த மட்டும் எடுக்கவே 20 மாசம் ஆகும், பெயின்ட், கமிஷன் எல்லாம் தனி. நல்லா வச்சுக்குற குடித்தனக்காரருக்கு நான் மார்க்கெட்ட விட கொஞ்சம் கம்மியா தான் வச்சிருக்கேன். ஏத்தவே கூடாதுன்னு சொல்லல, அஞ்சாறு வருஷம் தொடாம விட்டுட்டு ஒரே தடவையா ஏத்தினா அவங்களுக்கு அது பெரிய அடி, வருஷா வருஷம் கொஞ்சமா, முன்கூட்டியே சொல்லி ஏத்துங்க.

உங்களால நேரம் ஒதுக்க முடியலன்னா மேனேஜர் வைக்கலாம், வாடகையில பத்துல ஒரு பங்கு கிட்ட கேப்பாங்க. மேல போட்ட கணக்குல அது 7,700, அந்த 47,000 39,300 ஆயிடும். அந்தச் செலவ கழிச்சும் கணக்கு நிக்குற வீடா வாங்கிட்டா பின்னாடி வசதி. ரெண்டாவது வீட்ட எப்போ யோசிக்கலாம்னா, முதல் வீட்ல ஒரு ஆள் வந்து, ஒரு ஆள் போய், ஒரு பெரிய ரிப்பேர் வந்து, அதுக்கப்புறமும் ஆறு மாச ரிசர்வ் முழுசா இருந்தா.

அவங்க காலி பண்றப்ப

வந்த அன்னைக்கு எடுத்த போட்டோவ போன்ல திறந்து வச்சுக்கிட்டு அதே வரிசையில மறுபடி ரெண்டு பேரும் நடங்க. நாலு வருஷம் குடியிருந்த வீட்ல பெயின்ட் மங்குறது, சோபா நின்ன இடத்துல தடம், குழாய் வாஷர் தேயுறது எல்லாம் புழக்கத்துல வர்றது, அதுக்கு டெபாசிட்ல கை வைக்கக் கூடாது. உடைஞ்ச கண்ணாடி, கதவுல ஓட்டை மாதிரி இருந்தா பில்லோட கழிங்க. அதுலயும் பத்து வருஷ ஆயுசு இருக்குற சாமான் எட்டாவது வருஷம் உடைஞ்சா மீதி ரெண்டு வருஷத்துக்கான விலைய தான் கேக்கணும், முழு விலைய இல்ல. மீதிய சட்டம் சொல்ற நாளுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, என்னென்ன கழிச்சீங்கன்னு ஒரு பேப்பரோட. சாவிய எண்ணி வாங்கிக்குங்க, மீட்டர் ரீடிங் ரெண்டு பேரும் பாத்து எழுதிக்குங்க, அடுத்த ஆள் வர்றதுக்குள்ள பூட்டு சிலிண்டர மாத்திடுங்க, யார்கிட்ட எத்தனை டூப்ளிகேட் இருக்குன்னு யாருக்கும் தெரியாது.